அரசரின் செலவில் படித்த பிள்ளைகள்



மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பங்கு இல்லத்திற்கு வருவோரில் பாதிப் பேர் ஒரே காரியத்திற்காகத்தான் வருகிறார்கள். கல்லூரியில் இடம் வேண்டும். பரிந்துரைக் கடிதம் வேண்டும். கட்டணத்தில் ஏதாவது குறைக்கும்படி சாமியார் சொல்ல வேண்டும். நாமும் கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் கடிதத்தால் ஆகிற காரியம் கொஞ்சம்தான் என்பது எழுதுகிற நமக்கும் தெரியும், வாங்கிச் செல்கிறவர்களில் பலருக்கும் தெரியும். கல்லூரி அலுவலகத்தில் முதலில் புரட்டிப் பார்ப்பது மதிப்பெண் பட்டியலை. அது நன்றாக இருந்தால் கடிதம் தேவைப்படாது. அது மோசமாக இருந்தால் ஆயரே எழுதினாலும் கட்டணம் குறையாது.

அதே மே மாதத்தில் சில குடும்பங்கள் நம்மைத் தேடி வருவதில்லை. அவர்கள் வசதியான குடும்பங்கள் என்று எண்ண வேண்டாம். தந்தை கொத்தனார், தாய் சித்தாள் வேலை. அல்லது தந்தை கடலுக்குச் செல்பவர், தாய் மீன் விற்பவர். ஆனால் அந்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு எழுதினாள், பதினொன்றாம் வகுப்பில் இன்னொன்று எழுதினாள், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். அவளது கல்லூரிச் செலவில் பெரும்பகுதி அதற்குள் ஏற்பாடாகிவிட்டது. இந்த இரு வகைக் குடும்பங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு வருமானத்தில் இல்லை என்பதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். அதனால்தான் இந்த வாரச் சிந்தனையைப் படிப்பு உதவித்தொகை பற்றியதாக அமைத்துக்கொள்கிறோம். 'இது மறையுரைக்குரிய பொருளா' என்று சிலர் கேட்கலாம். 1965 அக்டோபர் 28 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கல்வி எல்லா மனிதருக்கும் உரிய உரிமை என்று சொல்லித்தான் தொடங்குகிறது. எனவே பொருள் பற்றிய கவலை வேண்டாம்.

விவிலியத்தில் உதவித்தொகையா?

தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டிற்காகவே நினைவுகூர்கிறோம். காய்கறியும் தண்ணீரும் மட்டும் போதும் என்று தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் கேட்டுக்கொண்டது மறைக்கல்வி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கேட்ட கதை. அந்தக் கதையின் பின்னணியைச் சற்றுக் கவனியுங்கள். நாட்டை இழந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் அவர்கள். அரசர் நெபுகத்னேசர், அறிவுத்திறன் உள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, தம் செலவில் உணவளித்து, மூன்று ஆண்டுகள் கல்தேயரின் மொழியையும் இலக்கியத்தையும் கற்பிக்க ஆணையிடுகிறார். முடிவில் அரசர் முன்னிலையில் நேர்முகத் தேர்வும் உண்டு (தானி 1:3-5, 18-20). இன்றைய மொழியில் சொன்னால், தேர்வு வைத்துக் கொடுக்கப்பட்ட மூன்றாண்டு உதவித்தொகை அது.

தானியேல் அதை மறுக்கவில்லை. அயல்நாட்டு அரசனின் காசு, வேற்று மொழி, வேற்றுக் கலை என்று ஒதுங்கவில்லை. உணவில் தம் நம்பிக்கைக்கு மாறானதை மட்டும் பணிவாக விலக்கிக்கொண்டார். படிப்பை விலக்கவில்லை. தேர்வு நாளில் அந்நாட்டு அறிஞர்களைவிடப் பத்து மடங்கு சிறந்தவர்களாக அந்த நால்வரும் காணப்பட்டார்கள் என்று திருவிவிலியம் கூறுகிறது. அறிவையும் திறமையையும் கடவுள் அருளினார் என்று சொல்லும் அதே அதிகாரம், மூன்று ஆண்டுப் படிப்பையும் சேர்த்தே சொல்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் பேனாவை மந்திரிக்கக் கொண்டுவரும் நம் தம்பி தங்கையர் இதை மனத்தில் கொள்வது நல்லது. பேனாவை மந்திரித்துத் தருவதில் நமக்கு மகிழ்ச்சியே. அந்தப் பேனா ஜூன் மாதம் முதல் எழுதிப் பழகிய பேனாவாக இருந்தால் இன்னும் மகிழ்வோம்.

தாலந்து உவமையையும் (மத் 25:14-30) இங்கே குறிப்பிட வேண்டும். தாலந்து என்பது அக்காலத்தில் பெரும் பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஒரே ஒரு தாலந்து பெற்றவனும் இருபது ஆண்டு உழைப்பின் மதிப்பைக் கையில் வாங்கியவன். கொஞ்சமாகக் கிடைத்தது என்று அவன் சொல்ல முடியாது. அவன் அதைப் புதைத்ததற்குத் தானே கூறும் காரணம் அச்சம். நம் பங்கில் படிப்பை விட்டுவிடும் பிள்ளைகளிடமும் நாம் கேட்பது பெரும்பாலும் இதே காரணம்தான். 'நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும், சாமி?' விண்ணப்பமே போடாமல் சொல்லும் வார்த்தை இது.

எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது

கல்லூரி உதவித்தொகை என்றவுடன் பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி நினைக்கிறோம். அது காலம் கடந்த நினைப்பு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இதற்கான தேர்வை எழுதலாம். நம் மறைமாவட்டத்துப் பள்ளிகளில் பல அரசு உதவிபெறுபவை என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 50. தேர்வில் வென்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 48,000 ரூபாய்.

தேர்வில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். முதல் தாள் மனத்திறன் பற்றியது: எண் தொடர், உருவங்களில் ஒற்றுமை வேற்றுமை, மறைகுறியீடு போன்றவை. இரண்டாம் தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணக்கிற்கு 20 வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதல் தாளைக் கண்டுதான் நம் பிள்ளைகள் மிரளுகிறார்கள், ஏனெனில் அது பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் பழைய வினாத்தாள்கள் பத்தைப் போட்டுப் பார்த்தால் வினாக்களின் சாயல் பிடிபட்டுவிடும். அதற்குத் தனிப்பயிற்சி வகுப்பு தேவையில்லை. மாலையில் ஒரு மணி நேரமும் ஒரு கடிகாரமும் போதும்.

இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். தமிழகத்தின் பங்கு 6,695. போட்டி உண்டுதான். ஆயினும் பெற்றதை இழப்பவர்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்காவிட்டால் மேல்வகுப்புகளுக்கான தொகை நின்றுவிடும் என்பது விதி. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு. ஒரு முறை வென்றாகிவிட்டது என்று ஒன்பதாம் வகுப்பில் ஓய்ந்துவிடும் பையன்களைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

தமிழில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு 2022-இல் வந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய் வழங்கும் திட்டமாக அது அமைந்தது. பாதி இடங்கள் அரசுப் பள்ளிகளுக்கு. மறுபாதியில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம். வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாட அளவில் இருக்கும். தமிழ்ப் பாடம்தானே, தேர்வுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது 36,000 ரூபாய்ப் பழக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2023-இல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, 500 மாணவருக்கும் 500 மாணவியருக்கும் இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்குவதற்கானது.

மதிப்பெண்ணே உதவித்தொகை ஆகும் இடம்

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. நம் பெரிய கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இரண்டு வகைப் படிப்புகள் நடக்கின்றன. ஒன்று அரசு உதவிபெறும் பிரிவு. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் கட்டணம் மிகக் குறைவு. மற்றொன்று சுயநிதிப் பிரிவு. அங்கே எல்லாச் செலவும் மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும், ஆகவே கட்டணம் பல மடங்கு. ஒரே கல்லூரியின் பெயரில்தான் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஒரே பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. முதல் பிரிவில் இடம் குறைவு என்பதால் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் அதில் சேருகிறார்கள். சற்றுக் குறைந்தவர்களின் பெற்றோர் இரண்டாம் பிரிவுக்காக நகையை அடகு வைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கூடுதலாக எடுக்கும் முப்பது நாற்பது மதிப்பெண், எந்த விண்ணப்பமும் இல்லாமல் கிடைக்கும் உதவித்தொகை.

பொறியியலுக்கும் இதே கதை. குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010-11 முதல் வழங்கத் தொடங்கியது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. கலந்தாய்வு வரை பொறுக்காமல் ஏப்ரல் மாதமே தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டும் பெற்றோர், சலுகையையும் இழந்து பணத்தையும் இழக்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாளே வீட்டு வாசலில் வந்து நிற்கும் கல்லூரி முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்விலேயே நல்ல கல்லூரி கிடைத்திருக்கும் என்பதை ஆகஸ்டில் அறிந்து வருந்திய குடும்பங்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களான ஐ.ஐ.டி.களில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்திற்குக் குறைவானால் பி.டெக். கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போவது பணக்காரப் பிள்ளைகள் என்ற எண்ணம் தவறு. நுழைவுத்தேர்வுதான் கடினம்.

கலை, அறிவியல் படிப்போருக்கு மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருக்க வேண்டும். இளநிலையில் ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் 20,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள், அதில் பாதி பெண்களுக்கு. ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் இருந்தால்தான் தொடரும்.

சிறுபான்மையினர் உதவித்தொகையை நம்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு 2022-இல் முதல் எட்டு வகுப்புகளுக்கு அதை நிறுத்தியது. ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் அதே ஆண்டு நிறுத்தியது. கிறித்தவர் என்பதற்காகக் கிடைப்பதை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். திறமைக்குக் கிடைப்பவற்றையும் தேடுங்கள்.

நம்மைச் சேராத சலுகைகள்

நியாயமான மனக்குறை ஒன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றிற்கும் விரிந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நம் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே ஏழைகள். ஆயினும் அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. இதைக் கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்கிடையே, உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் தொடங்கி, 2024-இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. 'தமிழ் வழியில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கில வழிப் பிரிவுக்குப் போகிறது என்பதற்காக மட்டும் ஆறாம் வகுப்பில் நம் பிள்ளையை மாற்றும் முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, ஆகவே சேரும் ஆண்டில் தலைமையாசிரியரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தலித் கிறித்தவக் குடும்பங்களின் நிலை இன்னும் வேதனையானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அவர்களைப் பட்டியல் வகுப்பிலிருந்து விலக்கியது. தமிழகத்தில் இடஒதுக்கீட்டிற்கு அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கொள்ளப்படுகிறார்கள். ஆனால் கல்வி உதவித்தொகை வேறு: மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடரும் இடம்பெறுகிறார்கள். 'நீங்கள் கிறித்தவர், உங்களுக்குக் கிடையாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் திரும்பியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அப்படித் திரும்பாதீர்கள். பங்கு இல்லத்திற்கு வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

பெயர் குழப்பம் என்பது நம்மவருக்கே உரிய தொல்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது. அந்தோணி என்பதை ஆங்கிலத்தில் எழுத நம் ஊரில் குறைந்தது மூன்று வழிகள். ஆரோக்கியத்திற்கும் சூசைக்கும் அப்படியே. கணினிக்கு அந்தோணியார் மேல் பக்தி கிடையாது, ஓர் எழுத்து மாறினாலும் தள்ளிவிடும். எட்டாம் வகுப்பிலேயே எல்லாச் சான்றுகளிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, அதோடு ஆதார் இணைப்பு, நடப்பு ஆண்டின் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று: இவற்றிற்கு இ-சேவை மையத்தில் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

உழைப்பு பற்றி

இளையோரே, இனி உங்களிடம் பேசுகிறோம். பதினொன்றாம் வகுப்பிற்கு 2017-18-இல் வந்த பொதுத்தேர்வு 2025-இல் நீக்கப்பட்டது. அதைக் கொண்டாடியவர்கள் உங்களில் உண்டு. ஆனால் மருத்துவ, பொறியியல் நுழைவுத்தேர்வுகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் நிறையக் கேட்கின்றன. கல்லூரி முதலாண்டுக் கணக்கும் இயற்பியலும் அதன்மேல்தான் எழும்புகின்றன. அந்த ஓர் ஆண்டைக் கைப்பேசியில் கரைத்துவிட்டால் பின்னர் மீட்பது கடினம்.

பையன்களைப் பற்றி எங்களுக்குக் கூடுதல் கவலை. 2025-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவியர் 96.70 விழுக்காடு, மாணவர் 93.16 விழுக்காடு தேர்ச்சி. பல ஆண்டுகளாக இப்படித்தான். பதினாறு வயதில் மாமாவோடு வேலைக்குப் போனால் நாளைக்கே 500 ரூபாய் கையில் கிடைக்கும். படிப்பின் பலனோ ஆறு ஆண்டு தள்ளி நிற்கிறது. வீட்டில் கடன் இருக்கும்போது அந்த 500-ஐ வேண்டாம் என்று சொல்லும் தாயின் மன உறுதியை நாம் மதிக்கிறோம். உதவித்தொகையின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகை இல்லை, ஆனாலும் அந்தத் தாய்க்கு அது ஒரு வாதம். 'என் மகன் படித்தே சம்பாதிக்கிறான்' என்று மைத்துனரிடம் சொல்ல அவளால் முடிகிறது.

பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் வருகிறது. தவக்காலமும் பெரும்பாலும் அப்போதுதான். சிலுவைப்பாதைக்கு வராமல் படிக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நம் பதில்: வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் வாருங்கள், பின்னர் நேராகப் போய்ப் புத்தகத்தைத் திறவுங்கள். கைப்பேசியை இரவு எட்டு மணிக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுவது இறைச்சியை விடுவதைவிடக் கடினமான ஒறுத்தல், செய்து பாருங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுக் காலத்தில் கெபித் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியை இரவு பத்து மணிவரை அலறவிடாதீர்கள். புனிதருக்கு மகிமை சேர்ப்பதாக எண்ணிப் பக்கத்துத் தெருவில் பத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

பெற்றோரிடம் மற்றொன்று. உழைக்கச் சொல்வது வேறு, அச்சுறுத்துவது வேறு. உறவினர் முன்னிலையில் மதிப்பெண்ணைச் சொல்லி அவமானப்படுத்துவதால் எந்தப் பிள்ளையும் முன்னேறியதை நாம் கண்டதில்லை. நுழைவுத்தேர்வுத் தோல்வியால் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்திகளைத் தமிழகம் போதுமான அளவு படித்துவிட்டது. உதவித்தொகை கிடைக்காத பிள்ளையும் கடவுளின் பிள்ளைதான், உங்கள் பிள்ளைதான். 6,695 இடத்திற்கு எழுதி 6,700-வது ஆளாக வந்தவனும் அந்த உழைப்பால் கணக்கு கற்றுக்கொண்டிருக்கிறான். அது எங்கும் போய்விடாது. அவனுக்காகத் தொழிலாளர் நலவாரியக் கல்வி உதவி இருக்கிறது. பெற்றோர் கட்டுமான வாரியத்தில் பதிவு செய்து புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஆண்டுதோறும் சிலருக்குக் கட்டணம் கட்டி வருகிறார்கள்.

நம் பங்கில் செய்யக்கூடியதைச் செய்வோம். பங்கு மண்டபத்தை மாலை ஆறரை முதல் எட்டரை வரை படிப்பதற்காகத் திறந்து வைக்கலாம். மின்விசிறியும் விளக்கும் இருக்கின்றன, வீட்டில் தொலைக்காட்சி ஓடும் பிள்ளைகளுக்கு அதுவே போதும். கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார், அக்காமார் வாரத்தில் இரண்டு நாள் வந்து மனத்திறன் தாளைச் சொல்லிக் கொடுக்கலாம். இளையோர் இயக்கத்தினருக்கு இதைவிடப் பொருத்தமான பணி நமக்குத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர், ஏழாம் வகுப்பு மதிப்பெண் சான்றின் நகலையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மண்டபத்திற்கு வாருங்கள். பெயர்கள் பொருந்துகின்றனவா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.